ஒரே பயணம், மூன்று கட்டணம்

சென்னைப் பெருநகரின் ஓரத்தில் குடியிருந்து நடுநகரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி வேலையிடம் போய்ச் சேர்வது ஒரே பயணம்தான். அதன் முதற்பகுதி பேருந்திலும், நடுப்பகுதி மின்சார ரயிலிலும், கடைசிப் பகுதி மெட்ரோவிலும் கழிகிறது என்பதற்காக அது மூன்று பயணங்களாகிவிடுவதில்லை. ஆனால் அவரிடம் பணம் வாங்கும் மூன்று அமைப்புகளும் அதை மூன்றாகவே எண்ணுகின்றன. ஒவ்வொரு வாகனத்திலும் அவர் அப்போதுதான் வீட்டு வாசலைத் தாண்டி வந்தவரைப் போலக் குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘சென்னை ஒன்’ செயலி, மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் மின்சார ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்க வழிசெய்திருப்பது வரவேற்க வேண்டிய முன்னேற்றம். எனினும் அந்தச் செயலி மூன்று கட்டணங்களையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டுகிறதே தவிர, அந்தத் தொகையைக் குறைப்பதில்லை. பணம் கட்டும் முறை ஒன்றாகியிருக்கிறது. கட்டணம் இன்னும் ஒன்றாகவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி, கைப்பேசிக்குள் தீர்ந்துவிடக்கூடிய தொழில்நுட்பச் சிக்கலன்று. நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட மக்களின் அன்றாடச் செலவைத் தீர்மானிக்கும் நீதிப் பிரச்சினை அது.

தூரத்தின் விலை

பொதுப் போக்குவரத்துக் கட்டணம் பெரும்பாலும் தூரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆனால் தூரம் இரட்டித்தால் கட்டணமும் இரட்டிக்கும் என்று பொருளில்லை. ஒருவரை ஏற்றிக்கொள்வதற்கான அடிப்படைச் செலவு அவர் எவ்வளவு தொலைவு போனாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், முதல் சில கிலோமீட்டருக்கு விகிதம் கூடுதலாகவும், போகப்போகக் குறைவாகவும் வைப்பது உலகெங்கும் வழக்கம். சென்னை மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் கட்டணம் குறைக்கப்பட்ட பிறகு, முதல் 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 கிலோமீட்டர் வரை 20 ரூபாய், 12 கிலோமீட்டர் வரை 30 ரூபாய், 21 கிலோமீட்டர் வரை 40 ரூபாய், அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 50 ரூபாய் என்ற படிவரிசை நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் உச்சக் கட்டணம் 70 ரூபாயாக இருந்தது. இந்த வரிசைப்படி 2 கிலோமீட்டர் போகிறவர் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் கொடுக்கிறார். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் போகிறவர் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்றே மேல் கொடுக்கிறார். தொலைவில் இருப்பவருக்கு இது இரக்கமுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த இரக்கம் ஒரே வாகனத்தில் உட்கார்ந்திருக்கும் வரைதான் செல்லும். மெட்ரோவில் 10 கிலோமீட்டரைத் தொடர்ந்து கடப்பவருக்கு 30 ரூபாய் ஆகும். அதே தூரத்தை ஐந்தைந்து கிலோமீட்டராக இரண்டு சீட்டில் கடந்தால் 40 ரூபாய் ஆகும். பயணத்தை எங்கே வெட்டினாலும், விலை கூடிய முதல் கிலோமீட்டர்கள் இரண்டாம் முறையும் வந்துவிடுகின்றன. ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் இதை நேரில் பார்க்கலாம். அங்கே ஒரு தடத்திலிருந்து இறங்கி, மேல்தளத்துக்கோ கீழ்தளத்துக்கோ மாறி, மறு தடத்தின் ரயிலில் ஏறுகிறவர் வெளிக்கதவைக் கடக்காததால் அவருடைய இரு பகுதிகளும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படுகின்றன; வாகனம் மாறிய குற்றத்துக்காக ஒரு ரூபாயும் கூடுவதில்லை. அதே நிலையத்தில் கதவைத் தாண்டிக் கீழே ஜி.எஸ்.டி. சாலைக்கு இறங்கிப் பேருந்தில் ஏறுகிறவருக்குக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கிண்டியில் மின்சார ரயிலிலிருந்து இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் மெட்ரோவுக்கு நடந்துபோகிறவருக்கும் இதே கதிதான். ஒரே நகரம், ஒரே மனிதர், ஒரே காலைப்பொழுது. இடையில் ஒரு கதவு வந்துவிட்டது என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த வேறுபாடு எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. நடுநகரில் குடியிருப்பவருக்கு ஒரே பேருந்தோ ஒரே மெட்ரோவோ போதும். நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள், பழைய வேலையிடங்களுக்குத் திரும்பிப் போகப் பெரும்பாலும் வாகனம் மாறியே ஆக வேண்டும். தாங்கள் தேர்ந்தெடுக்காத தூரத்துக்கும், தாங்கள் வகுக்காத வழித்தடத்துக்கும் அவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். மாறினால் செலவு கூடும் என்பதால், மெட்ரோவில் பாதி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்துக்கும் நெரிசலான பேருந்திலேயே நின்றபடி போகிறவர்கள் இருக்கிறார்கள்; இதனால் அவர்களுடைய நேரம் வீணாவதோடு, பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட ரயிலின் இருக்கைகளும் பயன்படாமல் போகின்றன.

தோல்பையிலிருந்து கருவி வரை

பேருந்துக் கட்டணத்தைப் புரிந்துகொள்ள ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தம் வேறு, ஸ்டேஜ் வேறு. வழித்தடத்தைச் சில நிறுத்தங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கட்டண அலகாக வைப்பதே ஸ்டேஜ். எல்லைக்கு ஒரு நிறுத்தம் முன்னால் ஏறியவர், அந்த ஒரு நிறுத்தத்துக்காக ஒரு ஸ்டேஜ் கட்டணத்தைச் சேர்த்துக் கொடுக்க நேர்வது இந்த முறையின் பழைய குறை. எல்லை நெருங்கும்போது நடத்துனர், சீட்டு வாங்காதவர்கள் வாங்கிக்கொள்ளும்படி குரல் கொடுத்து, விற்ற சீட்டுகளின் எண்களைத் தாளில் குறித்து ஸ்டேஜை முடிப்பார். சென்னைப் பேருந்தில் நடத்துனர் பெரும்பாலும் தம் இருக்கையிலேயே இருப்பார். முன்படியில் ஏறியவரின் பணம் ஐந்தாறு கைகள் மாறிப் பின்னால் போய், சீட்டும் மீதியும் அதே கைகளின் வழியே திரும்பி வரும். யாரென்றே தெரியாதவர்களிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பும் இந்தப் பழக்கம், வேறெங்கும் எழுதிவைக்கப்படாத ஒரு நகர ஒழுக்கம். சில்லறை இல்லாத வேளையில் மீதித் தொகையைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவதும், இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறந்து போவதும், பிறகு அதை நினைத்து வருந்துவதும் பல தலைமுறைப் பயணிகளின் அனுபவம்.

1972 இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளை இயக்கும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் கட்டணம் உயர்வது அரிது. உயரும்போது ஒரேயடியாக உயரும். 2011 நவம்பரில் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயாக ஆன குறைந்தபட்சக் கட்டணம், 2018 ஜனவரியில் 5 ரூபாயாக ஆனது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு உயர்வில் சிறுபகுதி திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுக்காண்டு டீசல் விலையோடும் ஊதியத்தோடும் சேர்ந்து சிறுகச் சிறுக மாற வேண்டிய ஒன்றை, தேர்தல் கணக்குக்காக ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்து, பிறகு ஒரே இரவில் கட்டவிழ்த்துவிடும் வழக்கம் பயணிக்கும் நன்மை செய்யவில்லை, கழகத்துக்கும் நன்மை செய்யவில்லை.

2024 இல் மாநகரப் பேருந்துகளுக்கு வந்த மின்னணுச் சீட்டுக் கருவி, தோல்பையையும் சீட்டுக்கட்டையும் மெல்ல ஓரங்கட்டத் தொடங்கியது. ஏறிய இடத்தையும் இறங்கும் இடத்தையும் நடத்துனர் கருவியில் தட்டினால் தொகை தானாக வருகிறது. க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படம்பிடித்து யுபிஐ வழியே பணம் கட்டலாம். சில்லறைத் தகராறுக்கு இடமில்லை. மெட்ரோவுக்கென 2023 ஏப்ரலில் வெளியிடப்பட்ட ‘சிங்காரச் சென்னை அட்டை’, 2025 ஜனவரி முதல் பேருந்துகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2019 இல் நாடு முழுவதற்குமாக அறிமுகப்படுத்தப்பட்ட தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை என்னும் தரத்தைப் பின்பற்றுவதால், அத்தரத்தை ஏற்கும் பிற நகரங்களின் மெட்ரோவிலும் அது செல்லும். இந்த அட்டையின் நுட்பம் அதன் சில்லுக்குள் இருக்கிறது. சாதாரண வங்கி அட்டை ஒவ்வொரு முறையும் வங்கியைத் தொடர்புகொண்டு அனுமதி கேட்கும். ஓடும் பேருந்தில் இணைய இணைப்பை நம்ப முடியாது, நெரிசல் நேரத்து மெட்ரோக் கதவும் நொடிக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆகவே சிறு தொகை சில்லுக்குள்ளேயே, ஒரு சுருக்குப்பையில் முடிந்து வைத்ததுபோல் இருக்கும். கருவி அந்தப் பையிலிருந்து நேரடியாகக் கழித்துக்கொண்டு, வங்கிக் கணக்கைப் பிறகு சரிசெய்துகொள்ளும்.

இத்தனை நுட்பமும் தீர்த்துவைத்த கேள்வி, பணத்தை எப்படிக் கொடுப்பது என்பது மட்டுமே. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியை எந்தச் சில்லும் தொடவில்லை.

மூன்று சட்டங்கள், மூன்று கதவுகள்

இதற்குக் காரணம் சென்னையின் கட்டணத்தை வேறுவேறு அதிகாரங்கள் நிர்ணயிப்பதே. பேருந்துக் கட்டணம் மாநில அரசின் கையில் இருக்கிறது. மின்சார ரயிலின் கட்டணத்தை ரயில்வே அமைச்சகம் தில்லியிலிருந்து நிர்ணயிக்கிறது. அதனால்தான் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை இன்றும் சாதாரண இரண்டாம் வகுப்பில் 10 ரூபாய்க்குப் போக முடிகிறது. மெட்ரோ, 2002 ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் இயக்கம் மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தொடக்கக் கட்டணத்தை நிறுவனமே வைக்கலாம், பின்னர் திருத்துவதற்கு உயர் நீதிமன்ற நீதிபதி அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் மத்திய அரசு கட்டண நிர்ணயக் குழுவை அமைக்கும் என்கிறது அச்சட்டம். அத்தகைய குழுவின் பரிந்துரையால் 2025 பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக ஏறியது. ஏறிய பிறகு எழுந்த எதிர்ப்பால் சில தூரங்களுக்கு மட்டும் குறைக்க முடிந்தது. நகரத்தின் பேருந்து என்ன கட்டணம் வாங்குகிறது, மெட்ரோவை விட்டு இறங்கியவர் அடுத்து எதில் ஏறுவார் என்பதெல்லாம் அத்தகைய குழுவின் முதன்மைக் கவலைகளில் இல்லை. ஒரு நிறுவனத்தின் வரவு செலவே அதன் முன் வைக்கப்படுகிறது.

இவற்றை ஒருங்கிணைக்கவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010 இல் சட்டம் இயற்றப்பட்டது. அது நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து, அண்மை ஆண்டுகளில்தான் உயிர்பெற்றது. ‘சென்னை ஒன்’ அக்குழுமத்தின் முயற்சியால் வந்ததே. கட்டணத்தை ஒருங்கிணைக்க அக்குழுமம் முன்வருமானால், அதற்கு முதற்சோதனையாக அமையப்போவது பறக்கும் ரயில். 1995 இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே ஓடத் தொடங்கி, 2007 இல் வேளச்சேரியை எட்டிய அந்தத் தடத்தை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கான ஏற்பாடுகள் நடந்துவருகின்றன. நிலையங்கள் தூய்மையாகும், ரயில்கள் புதிதாகும், அவையெல்லாம் தேவையே. ஆனால் இன்று 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் அந்தத் தடத்தில் போய்வரும் வீட்டுவேலைத் தொழிலாளர்களும் பூ, காய்கறி விற்பவர்களும் நாளை மெட்ரோவின் படிவரிசைக்குள் கொண்டுவரப்பட்டால், அந்த மேம்பாட்டின் விலையை அவர்களே கட்ட நேரும். ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கட்டணத்தைப் பற்றிய பிரிவு, பளிங்குத் தரையைப் பற்றிய பிரிவுக்கு முன்னால் எழுதப்பட வேண்டும்.

வேறு நகரங்கள் இந்த முடிச்சை அவிழ்த்திருக்கின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1965 இலேயே வெவ்வேறு போக்குவரத்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, ஒரே கட்டண அட்டவணையை ஏற்றுக்கொண்டன. தென்கொரியத் தலைநகர் சியோல், 2004 ஜூலை 1 அன்று, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் தனித்தனியாக இருந்த கட்டணத்தை நீக்கி, மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம் என்ற முறைக்கு மாறியது. முதல் 10 கிலோமீட்டருக்கு 800 வோன், அதன்பின் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 வோன். குறித்த நேரத்துக்குள் மாறினால் பேருந்தும் ரயிலும் சேர்ந்து ஒரே பயணம். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும் என்பதால் தூரம் துல்லியமாகத் தெரிந்தது. தொடக்க நாட்களில் கருவிகள் சரிவர இயங்காமல் நகரம் குழம்பியது உண்மைதான். ஆனால் சீர்திருத்தத்தின் உயிர்நாடி கருவியில் இல்லை, வருமானப் பங்கீட்டில் இருந்தது. தனியார் பேருந்து நிறுவனங்களுக்கு ஏறிய பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் தராமல், அவை ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து நகர நிர்வாகம் பொதுத்தொகுப்பிலிருந்து பணம் தந்தது. பயணி வாகனம் மாறினால் வருமானம் போய்விடுமே என்ற அச்சம் நிறுவனங்களுக்கு அதனால் குறைந்தது.

பூஜ்ய ரூபாய்ச் சீட்டின் பாடம்

சென்னைக்கு இது எட்டாக்கனி என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் பயணியிடம் வாங்காத பணத்தை அரசே ஈடுசெய்யும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே நடக்கிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில், அதாவது மக்கள் வெள்ளை போர்டு என்று சொல்லும் பேருந்துகளில், மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். பின்னர் அது திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருவோருக்கும் விரிக்கப்பட்டது. விடியல் பயணம் என்று பெயர் பெற்ற இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணித்தது. இத்திட்டத்தின் நுணுக்கம், கட்டணம் இல்லாவிட்டாலும் சீட்டு உண்டு என்பதில் இருக்கிறது. நடத்துனர் ஒவ்வொரு பெண்ணுக்கும் பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கையே அரசு கழகங்களுக்குத் தரும் ஈட்டுத்தொகைக்குக் கணக்கு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கென 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இதே கணக்குமுறையை வாகனம் மாறுவோருக்கும் விரிக்கலாம். பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறுகிறவருக்கு மெட்ரோவின் முதற்படிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அந்தத் தொகையை மெட்ரோ நிறுவனத்துக்கு அரசு ஈடுசெய்தால் போதும்; முழுமையான தூரக் கட்டணத்துக்கு அது முதல் அடி. மெட்ரோவின் சட்டத்தையோ ரயில்வேயின் அதிகாரத்தையோ திருத்திய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை, ஏனெனில் கட்டணம் அப்படியே இருக்கும். பயணியின் பங்கு மட்டுமே குறையும். விலையில்லாப் பேருந்தில் பாதித் தூரம் வந்த பெண், மீதித் தூரத்துக்கு மெட்ரோவில் ஏறத் தயங்கி அடுத்த வெள்ளை போர்டுக்காக வெயிலில் காத்திருப்பதை இந்தத் தள்ளுபடி மாற்றும்.

கவனிக்க வேண்டிய மற்றொரு அநீதி, மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்குக் கிடைக்கும் சலுகை, சில்லறையாகக் கட்டுகிறவருக்குக் கிடைக்காமல் போவது. மாநகரப் பேருந்துகளில் மாதம் முழுவதும் விருப்பம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய்க்குப் பயண அட்டை இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது பெரும் உதவி. அன்றன்றைக்குக் கூலி வாங்குகிறவரால் மாதத் தொடக்கத்தில் 1,000 ரூபாயை எடுத்துவைக்க முடியாது. ஆகவே அவர் நாள்தோறும் தனித்தனிச் சீட்டு வாங்கி, மாத முடிவில் அட்டை வாங்கியவரைவிட அதிகம் கொடுத்திருப்பார். மெட்ரோவில் அட்டைக்கும் கைப்பேசிச் சீட்டுக்கும் தரப்படும் 20 விழுக்காட்டுத் தள்ளுபடியும் இத்தகையதே. திறன்பேசி இல்லாத முதியவர் கவுன்ட்டரில் பணம் கொடுத்து முழுக் கட்டணம் கட்டுகிறார். லண்டன் நகரம் 2003 இல் அறிமுகமான ஆய்ஸ்டர் அட்டையைக் கொண்டு இதற்கொரு வழி கண்டது: ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், கழிக்கப்படும் தொகை ஓர் உச்சவரம்பைத் தொட்டவுடன் நின்றுவிடும், அதற்குமேல் அன்றைய பயணமெல்லாம் இலவசம். முன்பணம் கட்டாமலேயே, நாளட்டை வாங்கியவரின் சலுகை அனைவருக்கும் கிடைத்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடத் தேவையான வசதி சிங்காரச் சென்னை அட்டையின் பின்னணி அமைப்புக்கு இருக்க வேண்டியதுதான். ரொக்கம் கொடுப்பவரையும் சேர்த்துக்கொள்ள, அந்த அட்டை நியாயவிலைக் கடைகளிலும் தெருமுனைக் கடைகளிலும் ரொக்கம் கொடுத்து நிரப்பிக்கொள்ளக் கிடைக்க வேண்டும்.

சியோலைப் போல இறங்கும்போதும் அட்டையைத் தொடச் சொல்வது சென்னைப் பேருந்தின் நெரிசலில் நடக்காது என்று சொல்லப்படுவதுண்டு. இந்த மறுப்பு ஒரு முக்கியமான வசதியைக் காணத் தவறுகிறது. இங்கே நடத்துனர் இருக்கிறார்; அவர் பயணியிடம் கேட்கும் முதல் கேள்வியே எங்கே இறங்க வேண்டும் என்பதுதான். பிற நகரங்கள் கருவி வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல், இங்கே சீட்டு கிழிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. நடத்துனரைச் செலவாகக் கருதி அவரில்லாத பேருந்தைக் கனவுகாண்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு வகுக்கப்பட்டு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம், பூவிருந்தவல்லி, சிறுசேரி எனப் புறநகர்கள் பல இணைகின்றன. அந்த நிலையங்களுக்கு நடந்துவரக்கூடிய தூரத்தில் குடியிருப்பவர்களைவிடப் பேருந்தில் வந்து மாறவேண்டியவர்களே அதிகமாக இருப்பார்கள். இன்றைய பேருந்துக் கருவி அச்சிட்டுத் தரும் சிறு தாளில் ஏறிய இடம், இறங்கும் இடம், தேதி, மணி, தொகை எல்லாம் இருக்கின்றன. அதே தகவலைச் செயலியின் க்யூஆர் சீட்டும் சுமந்து வருகிறது. மெட்ரோ நிலையத்தின் கதவு அந்தச் சீட்டைப் படித்து, இவர் இருபது நிமிடத்துக்கு முன்புதான் பேருந்திலிருந்து இறங்கியவர் என்று அறிந்து, முதல் 10 ரூபாயைக் கழிக்காமல் திறக்க, புதிய நிலையங்களின் கதவுகளுக்கான மென்பொருள் எழுதப்படும் இந்த ஆண்டுகளிலேயே அரசாணை வர வேண்டும்.